இலண்டனில் முதலாளி, வெள்ளவத்தையில் ஊழியர்: எந்த நாட்டுச் சட்டம் பொருந்தும்?

கடிதத்தின் சுருக்கம்

இலண்டன் ஹரோவில் கணக்கியல் நிறுவனம் நடத்தும் வாசகர் ஒருவர் எழுதியிருக்கிறார். ஏறத்தாழ இரண்டு ஆண்டுகளுக்கு முன் கொழும்பு வெள்ளவத்தையில் ஒரு மாடியை வாடகைக்கு எடுத்து, தம் வாடிக்கையாளர்களின் கணக்குகளைப் பதிந்து கொடுக்க ஏழு பேரை வேலைக்கு அமர்த்தியுள்ளார். இலங்கையில் கம்பனி எதையும் அவர் பதியவில்லை. கொழும்பில் வசிக்கும் அவருடைய பெறாமகன்தான் ஆட்களைத் தெரிவு செய்து, கடிதங்களில் கையெழுத்திட்டு, அலுவலகத்தை மேற்பார்வை செய்கிறார். மாதந்தோறும் பெறாமகனின் சொந்த வங்கிக் கணக்குக்குப் பணம் வருகிறது; அதிலிருந்து ஒவ்வொருவருக்கும் 90,000 ரூபா சம்பளம் போகிறது. ஊழியரின் ஓய்வுக்காலச் சேமிப்பான ஊழியர் சேமலாப நிதி இதுவரை கட்டப்படவில்லை.

எல்லோருடனும் ஓராண்டு ஒப்பந்தம். அதில் அவர்கள் “சுயாதீன ஒப்பந்தகாரர்கள்” என்றும், பிணக்கு எழுந்தால் இங்கிலாந்துச் சட்டமும் இலண்டன் நீதிமன்றமுமே செல்லும் என்றும் எழுதப்பட்டிருக்கிறது. “பதினைந்து பேருக்குக் குறைவான அலுவலகத்துக்கு இலங்கைத் தொழிற்சட்டம் பொருந்தாது” என்று நண்பர் ஒருவர் வாசகருக்குச் சொல்லியிருக்கிறார். இதற்கிடையில் ஊழியர்களில் ஒரு பெண் ஏழு மாதக் கர்ப்பிணி. அவருடைய ஒப்பந்தம் அடுத்த மாதம் முடிகிறது. அதைப் புதுப்பிக்காமல் விட்டால் ஏதேனும் சிக்கல் வருமா, அடுத்த ஆண்டு இருபது பேராக விரிவாக்கும்போதாவது கம்பனி பதிய வேண்டுமா என்பவை அவருடைய கேள்விகள்.

அன்பான வாசகருக்கு,

ஊரிலுள்ள பிள்ளைகளுக்கு நல்ல சம்பளத்தில் வேலை கொடுக்க வேண்டும் என்ற எண்ணத்தோடு இதைத் தொடங்கியதாக எழுதியிருக்கிறீர்கள். அதில் எனக்குச் சந்தேகம் இல்லை. இரண்டு ஆண்டுகளில் ஒரு மாதமேனும் சம்பளம் பிந்தவில்லை என்பதும் சிறிய விடயமல்ல. ஆனால் உங்கள் கடிதத்தில் நீங்கள் உறுதியாக நம்பியிருக்கும் ஒவ்வொன்றும் சட்டத்தின் முன் வலுவற்றது. அதைவிட என்னைக் கவலைப்படுத்துவது, இதன் விளைவை முதலில் சுமக்கப்போகிறவர் நீங்கள் அல்ல, உங்கள் பெறாமகன் என்பதுதான்.

வேலை நடப்பது கொழும்பில்

முதலாளி எங்கே இருக்கிறார் என்பதையோ, சம்பளப் பணம் எந்த நாட்டிலிருந்து வருகிறது என்பதையோ வைத்து இலங்கைத் தொழிற்சட்டங்கள் தம் எல்லையை வகுத்துக்கொள்வதில்லை. அலுவலகம் வெள்ளவத்தையில் இருக்கிறது. ஊழியர்கள் அங்கே வந்து வேலை செய்கிறார்கள். ஆகவே 1954 ஆம் ஆண்டின் 19 ஆம் இலக்கக் கடை, அலுவலக ஊழியர் சட்டமும், அதனோடு சேர்ந்த ஏனைய சட்டங்களும் அவர்களுக்குப் பொருந்துகின்றன. இங்கிலாந்துச் சட்டமே செல்லும் என்று ஒப்பந்தத்தில் எழுதி, இரு தரப்பாரும் கையெழுத்திட்டிருந்தாலும் இந்தப் பாதுகாப்புகள் இல்லாமற் போய்விடமாட்டா. 1950 ஆம் ஆண்டின் 43 ஆம் இலக்கக் கைத்தொழிற் பிணக்குகள் சட்டம் இதை ஐயத்துக்கு இடமின்றிச் சொல்கிறது: வேலை ஒப்பந்தத்தில் மாறாக என்ன எழுதப்பட்டிருந்தாலும், வேலைப் பிணக்குகளை விசாரிக்கும் தொழில் நியாயசபை ஊழியருக்கு நிவாரணம் வழங்கலாம். இலண்டனில் வழக்காட வேண்டும் என்ற உங்கள் வாசகத்தைக் காட்டி, கொழும்பிலுள்ள நியாயசபையின் கதவை மூட முடியாது.

“சுயாதீன ஒப்பந்தகாரர்” என்ற பெயரும் அப்படித்தான். நியாயசபை பெயரைப் பார்ப்பதில்லை, நடைமுறையைப் பார்க்கிறது. உங்கள் கடிதத்தில் நீங்களே எழுதியவற்றைத் திருப்பிச் சொல்கிறேன். காலை ஒன்பது மணிக்குக் கைவிரல் அடையாள இயந்திரத்தில் பதிய வேண்டும். மடிக்கணினி உங்களுடையது. விடுப்பு வேண்டுமானால் பெறாமகனிடம் அனுமதி பெற வேண்டும். வேறு எவருக்கும் வேலை செய்யக் கூடாது. வேலை கூடினாலும் குறைந்தாலும் மாதச் சம்பளம் ஒன்றே. இவை அனைத்தும் ஓர் ஊழியருக்குரிய அடையாளங்கள். போதாததற்கு, கைத்தொழிற் பிணக்குகள் சட்டம் ‘வேலையாளர்’ என்பவரை மிக விரிவாக வரையறுக்கிறது: எழுத்திலோ வாய்மொழியாகவோ, வேலை ஒப்பந்தத்தின் கீழ் மட்டுமன்றி, ஒரு வேலையைத் தாமே நேரில் செய்துகொடுக்க ஒப்பந்தம் செய்தவரும் அதற்குள் வருவார். சொந்தக் கணினியில், சொந்த நேரத்தில், நான்கைந்து நிறுவனங்களுக்கு வேலை செய்து பட்டியல் அனுப்பிப் பணம் பெறும் கணக்காளர் ஒருவரை நீங்கள் அமர்த்தியிருந்தால் கதை வேறு. உங்கள் ஏழு பேரும் அந்த வகையினர் அல்லர்.

பதினைந்து என்ற எண்

நண்பர் சொன்னது முழுப் பொய் அல்ல, பாதி உண்மை. அந்த எண் இரண்டு சட்டங்களில் வருகிறது. ஒன்று 1971 ஆம் ஆண்டின் 45 ஆம் இலக்க, வேலையாளர்களின் தொழிலை முடிவுறுத்தல் (விசேட ஏற்பாடுகள்) சட்டம். மற்றது 1983 ஆம் ஆண்டின் 12 ஆம் இலக்கப் பணிக்கொடைச் சட்டம். முதலாவதன்படி, பதினைந்து பேரும் அதற்கு மேலும் உள்ள இடத்தில், முந்தைய 12 மாதங்களில் 180 நாள் வேலை செய்த ஒருவரை ஒழுக்காற்றுக் காரணம் இன்றி நீக்குவதானால், அவருடைய எழுத்து மூலமான முன்சம்மதமோ தொழில் ஆணையாளர் நாயகத்தின் முன் அனுமதியோ வேண்டும். ஒழுக்காற்றுக் காரணத்துக்காக நீக்கினால், அந்தக் காரணத்தை இரண்டாவது வேலை நாள் முடிவதற்குள் எழுத்தில் கொடுத்தாக வேண்டும். இரண்டாவது சட்டத்தின்படி, ஐந்து ஆண்டு சேவை நிறைந்தவர் விலகும்போது, ஒவ்வோர் ஆண்டுக்கும் அரை மாதச் சம்பளத்தை 30 நாட்களுக்குள் பணிக்கொடையாகக் கொடுக்க வேண்டும்.

இவ்விரண்டையும் தவிர்த்து, உங்களைத் தொடும் ஏனைய சட்டங்கள் ஒரே ஓர் ஊழியர் இருந்தாலும் பொருந்துகின்றன. சேமலாப நிதி, ஊழியருக்காக முதலாளி மட்டும் செலுத்தும் ஊழியர் நம்பிக்கைப் பொறுப்பு நிதி, வேலை நேரம், விடுப்பு, மகப்பேற்று உரிமை, தொழில் நியாயசபைக்குப் போகும் உரிமை ஆகிய எவற்றுக்கும் ஆட்தொகை வரம்பு கிடையாது. குறைந்தபட்சச் சம்பளமும் அவ்வாறே. 2026 ஜனவரியிலிருந்து அது மாதம் 30,000 ரூபா என்பதால் அந்த வகையில் உங்களுக்குப் பிரச்சினை இல்லை. இருபது பேராக விரிவாக்கும் நாளில் மேற்சொன்ன இரண்டு சட்டங்களும் சேர்ந்து வந்துவிடும் என்பதை இப்போதே கணக்கில் வைத்துக்கொள்ளுங்கள்.

“இரண்டு ஆண்டு நிறையாதவரை நீக்கினால் வழக்குப் போட முடியாதுதானே” என்று கேட்டிருக்கிறீர்கள். அது நீங்கள் இங்கிலாந்தில் பழகிய விதி. இங்கே அப்படி ஒரு காத்திருப்புக் காலம் இல்லை. வேலை நீக்கப்பட்டவர் ஆறு மாதங்களுக்குள் தொழில் நியாயசபையில் விண்ணப்பிக்கலாம். நீதியும் நியாயமுமானது எது என்று பார்த்து, மீண்டும் வேலையில் அமர்த்தவோ நட்டஈடு கொடுக்கவோ நியாயசபை கட்டளையிடலாம்.

கையெழுத்திட்டவரின் நிலை

இனி, முதலில் சொன்ன கவலைக்கு வருகிறேன். ‘தொழில்தருநர்’ என்ற சொல்லுக்குக் கைத்தொழிற் பிணக்குகள் சட்டம் கொடுக்கும் வரைவிலக்கணத்தில், ஊழியரை அமர்த்துபவர் மட்டுமல்லர், இன்னொருவர் சார்பில் ஊழியரை அமர்த்துபவரும் அடங்குவார். உங்கள் நிறுவனம் இலங்கையில் பதியப்படவில்லை. நீங்கள் இங்கே வசிக்கவில்லை. நாளை ஓர் ஊழியர் நாரஹேன்பிட்டியிலுள்ள தொழில் திணைக்களத்தில் முறைப்பாடு கொடுத்தால், அந்தத் தாளில் யாருடைய பெயர் இருக்கும்? நியமனக் கடிதத்தில் கையெழுத்திட்டவரும், விடுப்பு அனுமதித்தவரும், தம் கணக்கிலிருந்து சம்பளம் அனுப்பியவரும் ஒரே ஆள். அழைப்பாணை அவருடைய வீட்டு முகவரிக்கே போகும்.

சேமலாப நிதி நிலுவையை அறவிடும் முறை கடுமையானது. நிலுவைத் தொகைக்கான சான்றிதழைத் தொழில் திணைக்களம் நீதவான் நீதிமன்றத்தில் சமர்ப்பித்தால், அந்தத் தொகையை ஒரு தண்டப்பணம் போல அறவிட நீதிமன்றத்தால் முடியும். பெறாமகன் இருபத்தேழு வயதுப் பிள்ளை, வெளிநாட்டில் மேற்படிப்புக்கு விண்ணப்பித்திருக்கிறார் என்று எழுதியிருந்தீர்கள். அவர் சித்தப்பாவுக்கு உதவி செய்ததாகத்தான் நினைத்துக்கொண்டிருப்பார். அவருக்கு இந்த நிலைமையை நீங்களே வாய்விட்டுச் சொல்ல வேண்டும். வேறு எவர் வாயாலும் அவர் அறியக் கூடாது. வேற்று நாட்டிலிருந்து மாதாமாதம் அவருடைய சொந்தக் கணக்குக்கு வரும் பணம் அவருடைய வருமானம் அல்ல என்று உள்நாட்டு இறைவரித் திணைக்களத்துக்கு விளக்கவும் இன்று அவரிடம் ஒரு துண்டுக் காகிதம்கூட இல்லை.

நிலுவையின் கணக்கு

1958 ஆம் ஆண்டின் 15 ஆம் இலக்க ஊழியர் சேமலாப நிதிச் சட்டத்தின்படி தொழில்தருநர் 12 வீதமும் ஊழியர் 8 வீதமும் செலுத்த வேண்டும். 1980 ஆம் ஆண்டின் 46 ஆம் இலக்கச் சட்டத்தின் கீழ் ஊழியர் நம்பிக்கைப் பொறுப்பு நிதிக்குத் தொழில்தருநர் மேலும் 3 வீதம் செலுத்த வேண்டும். இதை ஊழியரின் சம்பளத்தில் கழிக்க முடியாது. 90,000 ரூபா சம்பளத்தில் சேமலாப நிதிக்கு 10,800 ரூபாவும் 7,200 ரூபாவுமாக 18,000 ரூபா; நம்பிக்கைப் பொறுப்பு நிதிக்கு 2,700 ரூபா. ஒரு மாதத்துக்கான தொகை அடுத்த மாத இறுதிக்குள் கட்டப்பட வேண்டும்.

பிந்தினால் சேமலாப நிதிக்கு மேலதிகக் கட்டணம் ஏறும். முதல் பத்து நாட்களுக்கு 5 வீதம் என்று தொடங்கி, பன்னிரண்டு மாதங்களைக் கடந்த நிலுவைக்கு 50 வீதம்வரை போகும். அதாவது, ஓராண்டுக்கு முந்திய ஒரு மாதத்துக்கு, ஓர் ஊழியருக்காக நீங்கள் கட்ட வேண்டிய 18,000 ரூபா இப்போது 27,000 ரூபா. கழிக்கத் தவறிய 8 வீதத்தை இனிவரும் சம்பளங்களில் பிடித்துக்கொள்ளலாம் என்று நினைக்க வேண்டாம். உரிய மாதத்தில் கழிக்காவிட்டால் அதுவும் தொழில்தருநரின் சுமையே. ஏழு பேருக்கும் சேர்த்துப் பார்த்தால் தொகை பெரியதுதான். ஆனாலும் நீங்களாக முன்வந்து தீர்ப்பதற்கும், முறைப்பாடு வந்து, விசாரணை நடந்து, வழக்கில் முடிவதற்கும் இடையே உள்ள வேறுபாட்டை நான் தொழிலில் அடிக்கடி பார்க்கிறேன். ஒவ்வொரு மாதம் காத்திருப்பதும் இந்தத் தொகையைக் கூட்டும்.

வேலை நேரத்திலும் ஒரு குறை இருக்கிறது. திங்கள் முதல் சனி வரை, மதிய இடைவேளை நீங்கலாக நாளொன்றுக்கு எட்டு மணி நேரம் என்றால், வாரத்துக்கு 48 மணி நேரம் ஆகிறது. சட்டம் அனுமதிப்பது 45 மணி நேரம். வாரத்தில் ஒன்றரை நாள் சம்பளத்துடன் கூடிய ஓய்வும் கொடுக்க வேண்டும். மிகையான மூன்று மணி நேரத்துக்கு ஒன்றரை மடங்கு ஓவர்டைம் கொடுக்க வேண்டும். மாதச் சம்பளத்தை 240 ஆல் வகுத்து மணிக்கூலி கண்டால் 375 ரூபா, ஒன்றரை மடங்கு 562 ரூபா 50 சதம். சனிக்கிழமையை அரை நாளாக்கினால் இது தீர்ந்துவிடும்; அதைச் செய்யுங்கள்.

விடுமுறை விடயத்திலும் இங்கிலாந்து நாட்காட்டியை அப்படியே இங்கே கொண்டுவந்திருக்கிறீர்கள். ஈஸ்டர் திங்களன்று அலுவலகத்தைப் பூட்டி, வெசாக் போயாவன்று திறந்து வைத்திருக்கிறீர்கள். ஒவ்வொரு பௌர்ணமி போயா தினமும் இங்கே சம்பளத்துடன் கூடிய விடுமுறை. அன்று வேலை வாங்கினால் ஒன்றரை நாட் சம்பளம் கொடுக்க வேண்டும். தைப்பொங்கல், சித்திரைப் புத்தாண்டு, மே தினம் போன்றவையும் சட்டப்படியான விடுமுறைகள். இவை தவிர, இரண்டாம் ஆண்டிலிருந்து 14 நாள் வருடாந்த விடுப்பும் 7 நாள் அமய விடுப்பும் ஊழியரின் உரிமை.

கடிதத்தின் ஓரத்தில் போகிற போக்கில் எழுதியிருந்த ஒன்றையும் விட்டுவிட முடியவில்லை. ஊழியர்கள் இடையில் விலகிவிடக் கூடாது என்பதற்காக அவர்களுடைய உயர்தரப் பரீட்சைச் சான்றிதழ்களின் மூலப்பிரதிகளைப் பெறாமகன் அலுமாரியில் வைத்திருப்பதாகச் சொல்கிறீர்கள். அவற்றை இந்த வாரமே, பெற்றுக்கொண்டதற்கான கையெழுத்தை வாங்கிக்கொண்டு, உரியவர்களிடம் திருப்பிக் கொடுங்கள். ஒருவருடைய சான்றிதழைப் பிணையாக வைத்திருக்கும் உரிமை உங்களுக்கு இல்லை.

கர்ப்பிணி ஊழியர்

ஒப்பந்தம் முடிகிறது, புதுப்பிக்கவில்லை, அவ்வளவுதான் என்று எளிதாகக் கடந்துவிடலாம் என நினைக்கிறீர்கள். அந்தப் பெண்ணைப் பற்றி நீங்களே எழுதியிருப்பது இது: “வேலையில் கெட்டிக்காரி, எந்தக் குறையும் சொல்வதற்கில்லை, ஆனால் மூன்று மாதம் சம்பளம் கொடுத்து வீட்டில் இருத்துவது சிறிய நிறுவனத்துக்குக் கட்டுப்படியாகாது.” மற்ற ஆறு பேருடைய ஒப்பந்தங்களும் ஏற்கெனவே ஒரு தடவை புதுப்பிக்கப்பட்டிருக்கின்றன. இவருடையது மட்டும் கர்ப்பம் தெரிந்த பின்னர் நிறுத்தப்பட்டால், காரணம் என்ன என்பதை எந்த நியாயசபையும் நொடியில் கண்டுகொள்ளும். கர்ப்பத்தைக் காரணமாகக் கொண்டு ஒரு பெண்ணை வேலையிலிருந்து நீக்குவதைக் கடை, அலுவலக ஊழியர் சட்டம் தடுக்கிறது. தொடர்ந்து நடக்கும் வேலைக்கு ஆண்டுதோறும் ஒப்பந்தம் எழுதுவதால் மட்டும் அது தற்காலிக வேலை ஆகிவிடாது.

அவருக்குரிய மகப்பேற்று விடுப்பு 84 வேலை நாட்கள். வாராந்த ஓய்வும் போயாவும் ஏனைய விடுமுறைகளும் இதில் சேராதபடியால், நடைமுறையில் அது மூன்றரை மாதத்தைத் தாண்டும். முழுச் சம்பளமும் கொடுக்க வேண்டும். 2018 ஆம் ஆண்டுத் திருத்தத்துக்குப் பின்னர் எத்தனையாவது குழந்தை என்ற வேறுபாடும் இல்லை. இந்தச் செலவு உங்களுக்கு உறுத்துகிறது என்பது விளங்குகிறது. இங்கிலாந்தில் சட்டப்படியான மகப்பேற்றுக் கொடுப்பனவின் பெரும்பகுதியை அரசிடமிருந்து முதலாளி திரும்பப் பெறுகிறார். இங்கே முழுச் சுமையும் முதலாளியுடையது, இது சிறிய நிறுவனங்களுக்குக் கடினமே. அதற்காக அந்தச் சுமையை ஏழு மாதக் கர்ப்பிணி ஒருவரின் தோளுக்கு மாற்ற முடியாது. சட்டம் ஒருபுறம் இருக்கட்டும். பிரசவத்துக்கு இரண்டு மாதம் இருக்கும்போது வருமானத்தை இழக்கும் ஒரு குடும்பத்தின் நிலையையும் தயவுசெய்து எண்ணிப் பாருங்கள்.

இனி எந்த வழி?

உங்களுக்கு மூன்று வழிகள் உள்ளன. உங்கள் இலண்டன் கம்பனியை வெளிநாட்டுக் கம்பனியாக இங்கே பதிவது ஒன்று. 2007 ஆம் ஆண்டின் 7 ஆம் இலக்கக் கம்பனிகள் சட்டப்படி, இங்கே வியாபார இடத்தை அமைத்த ஒரு மாதத்துக்குள் அதைச் செய்திருக்க வேண்டும். மூலதன நிபந்தனைகளும், இங்கே எழும் பொறுப்புகள் இலண்டன் கம்பனியையே நேரடியாகப் பற்றுவதும் இதன் பாதகங்கள். ஊழியர்களைத் தம் பெயரில் நியமித்துச் சம்பளப் பட்டியலையும் பார்த்துக்கொள்ளும் உள்ளூர் நிறுவனம் ஒன்றினூடாகச் செல்வது இரண்டாவது. ஓரிருவரை அமர்த்துபவருக்கு இது வசதி. ஏழிலிருந்து இருபதுக்குப் போகிறவருக்கு, ஒவ்வோர் ஆளுக்கும் மாதக் கட்டணம் கொடுப்பது காலப்போக்கில் கையைக் கடிக்கும்.

ஆகவே நான் பரிந்துரைப்பது மூன்றாவது வழியை: இலங்கையில் தனியார் கம்பனி ஒன்றைப் பதியுங்கள். ஒரு பங்குதாரரும் ஒரு பணிப்பாளரும் ஒரு செயலாளரும் இருந்தால் போதும். பங்குகளை நீங்களோ உங்கள் இலண்டன் கம்பனியோ வைத்திருக்கலாம். பணத்தை, வெளிநாட்டு முதலீட்டைக் கொண்டுவருவதற்கென வங்கியில் திறக்கும் உள்முக முதலீட்டுக் கணக்கினூடாகக் கொண்டுவாருங்கள். பின்னாளில் இலாபத்தையும் முதலையும் வெளியே எடுத்துச் செல்ல அதுவே உங்களுக்குச் சாட்சி. அதன்பின் இலண்டன் கம்பனி கொழும்புக் கம்பனிக்குச் சேவைக் கட்டணம் செலுத்தும். கொழும்புக் கம்பனி ஊழியர்களுக்குச் சம்பளம் கொடுக்கும். அந்தக் கட்டணத்தை எவ்வளவாக வைப்பது என்பதிலும், இலங்கைக்கும் ஐக்கிய இராச்சியத்துக்கும் இடையிலான இரட்டை வரி உடன்படிக்கை உங்களை எப்படித் தொடுகிறது என்பதிலும் இங்குள்ள வரி ஆலோசகர் ஒருவரைக் கேளுங்கள். மாதச் சம்பளம் 150,000 ரூபாவைத் தாண்டும் ஊழியர் எவரேனும் வந்தால் வருமான வரியைக் கழித்துச் செலுத்தும் கடமையும் கம்பனிக்கு வரும்.

புதிய கம்பனிக்கு ஊழியர்களை மாற்றும்போது, அவர்களுடைய முந்தைய சேவைக் காலம் தொடர்ந்து கணக்கிடப்படும் என்று நியமனக் கடிதத்தில் எழுதுங்கள். பதவி, சம்பளம், வேலை நேரம், விடுப்பு ஆகிய விவரங்கள் அடங்கிய நியமனக் கடிதத்தை ஊழியருக்குக் கொடுப்பது சட்டக் கடமை. பழைய காலத்தை அழித்துவிட்டுப் புதிதாகத் தொடங்குவதுபோல் காட்ட முயல வேண்டாம். சேமலாப நிதியில் கம்பனியைத் தொழில்தருநராகப் பதியும்போதே, பழைய நிலுவையின் மாதவாரிப் பட்டியலையும் தயாரித்து, சட்டத்தரணி ஒருவருடன் தொழில் அலுவலகத்துக்குப் போய்ப் பேசுங்கள். பெறாமகனைப் பணிப்பாளராக்குவதானால் அந்தப் பதவியின் பொறுப்புகளை எழுத்தில் விளக்கி, அவர் விரும்பிச் சம்மதித்தால் மட்டும் ஆக்குங்கள். நிலுவையைத் தீர்க்கும் பணம் முழுவதும் உங்களுடையது என்பதற்கும் அவருக்கு ஒரு கடிதம் கொடுங்கள்.

இவை முடிய சில வாரங்கள் ஆகும். கர்ப்பிணி ஊழியரின் ஒப்பந்தத் திகதி அதற்கு முன்பே வந்துவிடும். எனவே அவருடைய வேலை தொடர்கிறது, மகப்பேற்று விடுப்பு முழுச் சம்பளத்துடன் கிடைக்கும், விடுப்பு முடிந்ததும் அதே பதவிக்குத் திரும்பலாம் என்று உங்கள் சொந்தக் கையெழுத்தில் ஒரு கடிதத்தை இப்போதே அவருக்கு அனுப்பிவையுங்கள். கம்பனிப் பதிவு முடியட்டும் என்று அதற்காகக் காத்திருக்க வேண்டாம்.